வயிற்றுப் பிள்ளையைக் கேட்டு வந்தவள்

— இருநூத்திப் பதிமூணு, இருநூத்திப் பதினாலு... பேசாதீங்க சின்னத்தை, எண்ணிக்கை விட்டுப் போயிடும்.

— நான் எங்க பேசினேன்? ஒரே ஒரு வார்த்தைதானே கேட்டேன், கண்ணு.

— ஒரு வார்த்தையா? என் வயித்துல இருக்கற பிள்ளையைக் கேட்டீங்க.

— அதுக்கு நீ இன்னும் பதில் சொல்லல.

— இருநூத்திப் பதினஞ்சு. மாட்டேன். இருநூத்திப் பதினாறு. மாட்டேன். இருநூத்திப் பதினேழு.

— அந்தக் கம்பியைக் கீழ வச்சிட்டுப் பேசேன்.

— நாளைக்குக் காலையில கடைக்காரர் ஆள் அனுப்புவார். நாலு ஃபேனுக்குக் காயில் சுத்தி வைக்கணும். எனக்கு எட்டு மாசம்னு சொன்னா, அந்த நாலு வீட்டுக்காரங்க வேர்க்காம இருந்துடுவாங்களா?

— அதான் சொல்றேன். எட்டு மாசம். காலைப் பாரு, ரெண்டும் தலகாணி மாதிரி வீங்கிக் கிடக்கு. குனிஞ்சா நிமிர முடியல, நிமிர்ந்தா மூச்சு வாங்குது. இதுல பெரியவ வேற. வேலையா, பிள்ளையா, வீடா, எதைத்தான் பாப்பே?

— மூணையும். இருநூத்திப் பதினெட்டு.

— அம்மா! நானே! நானே!

— ஏய் வாண்டு, நில்லு! தலையில சோப்பு அப்படியே இருக்கு! பிடி, அவளைப் பிடி! அய்யோ, நீ எழுந்திரிக்காத, சித்தி பிடிப்பாங்க. சித்தி, அந்தப் பக்கம் மறிங்க!

— ஏங்க, ரெண்டரை வயசுப் பிள்ளையைக் குளிப்பாட்டச் சொன்னா, வீட்டையே குளிப்பாட்டிட்டு வர்றீங்க.

— நான் என்ன பண்ணட்டும்? தினமும் அறுபது பேரை பஸ்ல ஏத்தி இறக்கறேன். ஒருத்தன் எதிர்த்துப் பேசினதில்ல. இவளை ஒரு வாளிப் பக்கத்துல நிக்க வைக்க முடியல.

— அப்பா வேணாம்! நானே சோப்பு!

— கம்பியைத் தொடாத வாண்டு, கையை வெட்டிடும்... போச்சு. அறுந்து போச்சு. எண்ணிக்கையும் போச்சு.

— அம்மா, பந்து தூங்குதா?

— பந்தா? எந்தப் பந்துடா தங்கம்?

— வயித்துல இருக்கறதுக்கு இவ வச்ச பேரு, சின்னத்தை. டாக்டரம்மா டேப் வச்சு அளந்துட்டு, 'பெரிய பந்தா வச்சிருக்கியே'ன்னு சிரிச்சாங்க. இவ பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தா. அன்னையிலருந்து பந்துதான். தினமும் காலையில சட்டையைத் தூக்கிப் பாத்துக் குட்மார்னிங் சொல்லியாகணும். சொல்லாட்டி பால் இறங்காது.

— பந்து, வா! வெளில வா!

— இப்ப வேண்டாம்னு சொல்லுடி. அம்மாவுக்கு நாலு ஃபேன் பாக்கி இருக்கு.

— தங்கம், இங்க வா. பந்து வெளில வந்ததும் உங்க அத்தை வீட்டுக்குப் போகட்டுமா? அத்தை வீட்டுல ஊஞ்சல் இருக்கு, பெரிய ரூம் இருக்கு...

— மாத்தேன்!

— உன்னைப் போகச் சொல்லலடா. பந்துதான் போகும்.

— மாத்தேன்! என் பந்து! குடுக்க மாத்தேன்!

— கேட்டீங்களா சின்னத்தை?

— அவ எதுக்குத்தான் மாட்டேன்னு சொல்லல?

— அது உண்மை சித்தி. மிட்டாய் வேணுமான்னு கேட்டாலும் முதல்ல மாத்தேன்தான். அப்புறம் யோசிச்சு வாங்கிப்பா.

— என் பொண்ணு வேற எப்படி இருப்பா? ஏங்க, அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் நிறுத்துங்க. சின்னத்தை எதுக்கு வந்திருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?

— அது வந்து... தலையில சோப்பு காஞ்சிடும், நான் இவளைக் கொண்டு போய்...

— சோப்பு காயட்டும். தெரியுமா, தெரியாதா?

— தெரியும். போன வாரம் சித்தி டிப்போவுக்கு வந்திருந்தாங்க.

— நீங்க என்ன சொன்னீங்க?

— பாக்கலாம்னு சொன்னேன்.

— பாக்கலாமா? என்னத்தைப் பாக்கலாம்? இது என்ன, வீட்டுக்கு எந்த கலர் பெயிண்ட் அடிக்கலாம்ங்கற பேச்சா?

— கத்தாத. சித்தி முகத்தைப் பாத்துட்டு என்னால இல்லன்னு சொல்ல வரல. அம்மா போய் மூணு வருஷமாச்சு. அம்மா இருந்தவரைக்கும் அவங்க ஒரு பக்கம் பாத்தாங்கன்னா, சித்தி ஒரு பக்கம் பாத்தாங்க. எனக்கு டைபாய்டு வந்தப்ப ஒன்பது நாள் கட்டில் பக்கத்துலயே உக்காந்திருந்தது யாரு? சித்திதான். ஓட்டுநர் வேலைக்கு மனு எழுதிக் கொடுத்தது யாரு? சித்திதான்.

— அதுக்காக?

— அதுக்காக இல்ல. சித்தி பொண்ணு சின்னவளும் எனக்குத் தங்கச்சிதானே? கல்யாணமாகி ஒன்பது வருஷம். நாலு தடவை தங்கி நாலு தடவையும் போச்சு. போன தடவை ஆறாவது மாசம். அவளைப் பாக்கப் போனப்ப என் கையைப் பிடிச்சவ கிளம்பற வரைக்கும் விடல. வெறுமனே பிடிச்சுக்கிட்டிருந்தா. நீயும் பாத்தேல்ல?

— பாத்தேன். திரும்பி வர்ற வழியெல்லாம் அழுதது நான். நீங்க வண்டி ஓட்டினீங்க.

— அப்ப?

— அழுதேன். இப்பவும் அழுவேன். ஆனா என் பிள்ளையைத் தூக்கிக் கொடுக்க மாட்டேன். ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க. உங்களால சொல்ல முடியாததை என்னைச் சொல்ல வைக்கத்தானே இவங்களை இங்க அனுப்பி விட்டீங்க?

— நீ சொல்லிடுவேன்னு தெரியும்.

— நல்லா இருக்கு! நீங்க நல்ல பிள்ளை, நான் ராட்சசி. போங்க. போய் உங்க பொண்ணுக்குத் தலையைக் கழுவி விடுங்க. கண்ணுல தண்ணி படாம ஊத்துங்க, ஊரைக் கூட்டுவா.

— நானே ஊத்துவேன்!

— வாம்மா தாயே, நீயே ஊத்து. எனக்கும் சேத்து ஊத்து.

— அவனை ஏன் கண்ணு இப்படி விரட்டறே? பாவம், வெள்ளந்தி.

— வெள்ளந்திதான். அதனாலதான் அவர் கிட்ட முதல்ல போனீங்க.

— நீ கோவத்துல பேசறே. அதான் சொல்றேன், கோவத்தை ஓரமா வச்சிட்டுக் கேளு. இருபத்தேழு வருஷமா பிரசவ வார்டுல ஆயா வேலை பாக்கறவ நான். எத்தனை பிள்ளையைத் துடைச்சுத் துணியில சுத்தி அம்மாக்காரி கையில கொடுத்திருக்கேன்னு எனக்கே கணக்குத் தெரியாது. ஆனா என் வயித்துல பொறந்தவளுக்கு ஒண்ணைக் கொடுக்க முடியல. வார்டுல ஒரு பிள்ளை வீல்னு அழும்போது எனக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாத்தியா?

— யோசிச்சிருக்கேன் சின்னத்தை.

— பிள்ளை எங்க போகப் போகுது? அந்நியர் வீட்டுக்கா? ரெண்டு பஸ் ஸ்டாப் தள்ளி. நெனச்சா போய்ப் பாத்துட்டு வா. கண்ணு முன்னாடியே வளரும். அவ தலைமேல வச்சுத் தாங்குவா. தனி ரூம் வெள்ளையடிச்சாச்சு. தொட்டிலுக்குக் கொக்கி மாட்டியாச்சு.

— கொக்கி வரைக்கும் மாட்டியாச்சா? என்னைக் கேக்கறதுக்கு முன்னாடியே?

— ஆசைடி. ஆசைக்கு முன்ன பின்ன தெரியுமா?

— தெரியணும்.

— இங்க என்ன இருக்கு? ரெண்டே ரூம். ஒண்ணுல கட்டில், ஒண்ணுல ஃபேன். கால் வைக்கற இடமெல்லாம் செம்புக் கம்பித் துணுக்கு. பெரியவ நேத்து ஒரு துணுக்கை வாயில போட்டுக்கிட்டான்னு நீயேதான் சொன்னே.

— விரலை விட்டு எடுத்தேன். அதுக்கு அவ என் விரலைக் கடிச்சா. இதோ பாருங்க, பல்லு பதிஞ்சிருக்கு. நாலு பல்லும் வரிசையா. அதனால என்ன இப்ப?

— ஒண்ணையே சமாளிக்க முடியாதவ ரெண்டை எப்படிச் சமாளிப்பே?

— முடியாதுன்னு யார் சொன்னா? சின்னத்தை, காலையில அஞ்சு மணிக்கு அவ முழிக்கறா. அவர் டூட்டிக்குப் போயிடுவார். அவளுக்குப் பாலைக் காய்ச்சும்போது எனக்கு வாந்தி வரும். ஒரு கையால வாயைப் பொத்திக்கிட்டு இன்னொரு கையால ஆத்துவேன். செருப்பை மாத்தி மாட்டிக்கிட்டுத்தான் நடப்பேன்னு அடம் பிடிப்பா, விட்டுடுவேன். ஒன்பது மணிக்கு மேசைக்குக் கீழ உக்கார வச்சு, காலி நூல்கண்டு பத்தைக் கொடுத்துடுவேன். அடுக்குவா, தள்ளுவா. நான் மேல நானூறு சுத்து முடிக்கறதுக்குள்ள பத்துத் தடவை 'அம்மா'ன்னு கூப்பிடுவா. பத்துத் தடவையும் 'என்னடா'ன்னு கேப்பேன். எண்ணிக்கை தப்பாது. இன்னைக்குத்தான் தப்பிப் போச்சு.

— அப்பப்பா. கேக்கும்போதே எனக்கு மூச்சு வாங்குது.

— எனக்கும் வாங்குது. வாங்கட்டும். கஷ்டமா இருக்குன்னு சொன்னேனே தவிர, எடுத்துட்டுப் போங்கன்னு யார் கிட்டயும் சொல்லல. ஊர்ல எல்லாருக்கும் இதே பழக்கமாப் போச்சு. ஒருத்தி முதுகு வலிக்குதுன்னு சொன்னா உடனே அவ கிட்டருந்து எதைப் பிடுங்கலாம்னு பாக்கறாங்க. டாக்டரம்மா வேலையை விடுங்கறாங்க. பக்கத்து வீட்டக்கா பெரியவளைப் பால்வாடியில விடுங்கறாங்க. நீங்க சின்னதைக் கொடுங்கறீங்க. ஒருத்தராவது, 'கொஞ்ச நேரம் படுத்துக்கோ, நான் அந்தப் பாத்திரத்தைக் கழுவறேன்'னு சொன்னீங்களா?

— ...கழுவட்டுமா?

— இப்பக் கேக்காதீங்க, சிரிப்பு வந்துடும். நான் கோவமா இருக்கேன்.

— உனக்கென்ன கண்ணு, வயசு இருக்கு. ஒண்ணு கையில இருக்கு. இன்னும் பொறக்கும்.

— இன்னும் பத்து பொறந்தாலும் இது பொறக்காது. இதுக்குப் பதிலா அது வராது. பிள்ளை என்ன ஃபேனா, ஒண்ணைக் கழட்டிட்டு இன்னொண்ணை மாட்டறதுக்கு?

— அப்படியெல்லாம் பேசாத.

— பின்ன எப்படிப் பேசறது? ஒவ்வொரு... ம்ம். சின்னத்தை, கொஞ்சம் இருங்க.

— என்ன? வலியா?

— இறுக்கிப் பிடிக்குது.

— எழுந்திரு. மெதுவா. மேசையைப் பிடிச்சுக்கோ, அப்படித்தான். மூக்கால இழு. வாயால விடு. என்னைப் பாரு, அங்க பாக்காத. காலையிலருந்து இது எத்தனாவது?

— முதல் தடவை.

— தண்ணி குடிச்சியா?

— நேரம் இல்ல.

— நேரம் இல்லையாம், பெரிய கலெக்டர்! கையை வைக்கட்டுமா?

— வைங்க.

— கல்லாட்டம் இருக்கு... விடு, விடு, மூச்சை விடு... இதோ இளகுது. இளகிடுச்சு பாரு. பொய் வலிதான் கண்ணு, பயப்படாத. இந்தா, இந்தச் செம்புல இருக்கறதை முழுசாக் குடி. ஒரே மடக்குல குடிக்காத. ...அம்மாடி!

— உதைக்குதா?

— என்ன உதை! தலை கீழ வந்துடுச்சு. இதோ, இந்தப் பக்கம் குதிகால். என் உள்ளங்கைக்குள்ள அப்படியே உருளுது. இந்தா போகுது, இந்தா வருது...

— ஏன் கையை எடுத்துட்டீங்க?

— போதும்.

— இன்னும் கொஞ்ச நேரம் வேணா வச்சுக்கோங்க சின்னத்தை. தொடறதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

— போதும்னு சொன்னேன்ல. உக்காரு.

— சின்னத்தை, ஒண்ணு கேக்கறேன். நான் கொடுத்துட்டேன்னே வச்சுக்குங்க. அப்புறம் என்ன நடக்கும்? அதைச் சொல்லுங்க. நீங்க அனுபவப்பட்டவங்க.

— என்ன நடக்கும்? ஒரு வருஷம் வலிக்கும். அப்புறம் பழகிடும்.

— எது பழகும்?

— எல்லாந்தான். முதல்ல பால் கட்டிக்கும். நெஞ்சு பாறையாயிடும். தெருவுல யார் வீட்டுப் பிள்ளையோ அழுதாலும் ரவிக்கை நனைஞ்சுடும். துணியை வச்சு இறுக்கிக் கட்டணும். குளியலறைக்குள்ள போய்க் குழாயைத் திறந்து விட்டுட்டு, சுவத்துல பீச்சிட்டு வரணும். குழாய்ச் சத்தத்துல நாம அழறது வெளில கேக்காது. பத்து நாள், மிஞ்சிப் போனா பதினஞ்சு நாள். அப்புறம் தானா வத்திடும்.

— இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னா?

— வார்டுல எவ்வளவு பாத்திருக்கேன்.

— வார்டுக்கு வர்றவங்க வீட்டுக் குளியலறையில குழாயைத் திறந்து விட்டுட்டு அழறது உங்களுக்கு எப்படித் தெரியும்?

— நீ உன் கம்பியைச் சுத்து.

— கம்பி கிடக்கட்டும். அப்புறம் என்ன ஆகும்? பால் வத்தினப்புறம்?

— அப்புறம் என்ன, பிள்ளை வளரும். நடக்கும். பேசும்.

— பேசும். என்னைப் பாத்து அத்தைன்னு கூப்பிடும். என் வாண்டு பக்கத்துல நிப்பா. கூடப் பொறந்தவங்கன்னு ரெண்டுக்கும் தெரியாது. அதுக்கு உடம்பு சரியில்லன்னா நான் போய்ப் பக்கத்துல உக்காரலாம், ஆனா மடியில போட்டுக்க முடியாது. அது விழுந்து எழுந்து 'அம்மா'ன்னு ஓடும்போது எனக்கும் காலு எழும்பும். நான் உக்காந்தே இருக்கணும். கண்ணு முன்னாடி வளரும்னு சொன்னீங்களே, அதுதான் சின்னத்தை எனக்குப் பயமா இருக்கு. கண்ணுக்கு மறைவா வளர்ந்தாகூட ஒருவேளை தாங்கிடலாம்.

— போதும் கண்ணு.

— நீங்க சொல்லுங்க. பெத்த பிள்ளை வேற முறை வச்சுக் கூப்பிடறதைக் காதால கேட்டுக்கிட்டு ஒருத்தி சோறு திங்க முடியுமா? தூங்க முடியுமா?

— முடியும்.

— எப்படி?

— தின்னுதான் ஆகணும். தூங்கித்தான் ஆகணும். முப்பத்தோரு வருஷம் ஆனாலும்.

— ...சின்னத்தை?

— போன் அடிக்குது. சின்னவதான். பத்து மணிக்கு மேல கூப்பிடறேன்னு சொன்னா.

— கொடுங்க இங்க.

— நான் பேசிக்கறேன்.

— என் பிள்ளையைப் பத்தின பேச்சு. நான்தான் பேசுவேன். கொடுங்க. ...ஹலோ. ஆமா, நான்தான். உங்கம்மா இங்கதான் இருக்காங்க. நல்லா இருக்கேன். நீ? ...சாப்பிட்டியா? ...இல்லம்மா. இல்ல. உங்கண்ணன் பாக்கலாம்னு சொன்னது, இல்லன்னு சொல்ல அவருக்கு வாய் வராததால. நான் சொல்றேன் கேளு. நான் தர மாட்டேன். ...அழு. அழுதுக்கோ, நான் போனை வைக்கல. ...திட்டறதுன்னா திட்டு. எவ்வளவு வேணா திட்டு, நான் கேட்டுக்கறேன். ஆனா கடைசியில உனக்கு இதே பதில்தான் கிடைக்கும். ...உன் மேல கோவமா? உன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்லம்மா. உன் நாலு பிள்ளைக்கும் நீ பேர் வச்சிருந்தே. எனக்கு மட்டும்தான் சொன்னே. நாலு பேரும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. அப்படிப்பட்டவ கேக்கலாமா இதை? ...ம். இதோ, கொடுக்கறேன். சின்னத்தை, உங்களைக் கேக்கறா.

— என்னடா... ஆமா, கேட்டேன். அவ மாட்டேங்கறா. ...இல்ல, இன்னொரு தடவை கேக்க மாட்டேன். ...ஏன்னா நான் கேட்டதே தப்பு. ...அம்மா சொல்றதைக் கேளு. தொட்டில் கொக்கியைக் கழட்டாத, இருக்கட்டும். வெள்ளையடிச்ச ரூமும் அப்படியே இருக்கட்டும். வார்டுல எனக்குத் தெரியும், பெத்துப் போட்டுட்டுத் திரும்பியே பாக்காம போறவங்க இருக்காங்க. அந்தப் பிள்ளைங்களைக் காப்பகத்துக்கு அனுப்பும்போது நான்தான் கதவு வரைக்கும் தூக்கிட்டுப் போவேன். ஒவ்வொண்ணும் என் விரலைப் பிடிச்சுக்கும். ...யார் பிள்ளையோன்னு உங்க மாமியார் சொல்லுவாங்களா? சொல்லட்டும். நான் வந்து பேசறேன். ரத்தம், வம்சம்னு ஒரு வார்த்தை எடுத்தாங்கன்னா நான் எடுக்கற வார்த்தையை அவங்க தாங்க மாட்டாங்க. மனு எழுதணும், வீட்டை வந்து பாப்பாங்க, வரிசையில நிக்கணும். நிப்போம். நான் உன் கூட நிப்பேன். ...ஆமாண்டா. சாயங்காலம் வர்றேன். முகத்தைக் கழுவு. வச்சிடறேன்.

— சின்னத்தை.

— என்னை ஒண்ணும் கேக்காத கண்ணு.

— இல்ல, கேக்கல. தண்ணி வேணுமான்னுதான் கேட்டேன்.

— நான் வரும்போது ஒரு முடிவோட வந்தேன். உன்னைப் பேசியே மடக்கிடலாம்னு. எனக்குச் சொன்னதையெல்லாம் உனக்கும் அப்படியே சொன்னேன், ஒரு எழுத்து மாத்தாம. கண்ணு முன்னாடியே வளரும், வயசு இருக்கு, இன்னும் பொறக்கும். எனக்கு அப்ப இருபத்திரெண்டு வயசு. சுத்தி எட்டுப் பேர் உக்காந்து சொன்னாங்க. நான் தலையை ஆட்டினேன். உன்னை மாதிரி ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வாயைத் திறந்து 'மாட்டேன்'னு சொல்லியிருந்தா...

— யார் கிட்ட கொடுத்தீங்க?

— அப்பா, தள்ளு! நானே நடப்பேன்!

— இந்தாங்க, பிடிங்க உங்க இளவரசியை. குளிச்சாச்சு, துடைச்சாச்சு, செருப்பு இடது வலதா மாட்டியாச்சு. என்ன முடிவாச்சு?

— அம்மா, பந்து எங்க?

— இங்கதாண்டி இருக்கு. எங்கயும் போகல. வந்து பக்கத்துல உக்காரு.

— போகலையா? அப்ப... சரி. எனக்கு ஒரு விதத்துல நிம்மதிதான். ஆனா சின்னவ மனசு உடைஞ்சுடும். நான் என்ன சொல்றேன்னா, அவசரப்பட்டு ஒரேயடியா இல்லன்னு சொல்ல வேண்டாமே. கொடுத்தாலும் நம்ம வீட்டுப் பிள்ளை நம்ம வீட்டுப் பிள்ளைதானே? மாசத்துக்கு ரெண்டு தடவை போய்ப் பாத்தா அதுக்கு என்ன தெரியப் போகுது? வளர்க்கறவங்கதான் அம்மா அப்பா.

— ஏங்க, கொஞ்சம் வாயை மூடுங்க.

— ஏன், நான் தப்பா என்ன சொல்லிட்டேன்?

— அவன் பேசட்டும் கண்ணு. அவன் சொல்றதும் உண்மைதான். வளர்த்தவதான் அம்மா. எங்கக்கா அவனை அப்படி வளர்த்தா. ஒரு குறை வைக்கல. அவ மேல எனக்கு இன்னைக்கும் ஒரு வருத்தம் கிடையாது.

— இப்ப ஏன் அம்மாவை இழுக்கறீங்க? சித்தி, ஏன் கண்ணு கலங்குது? இவ ஏதாவது சொல்லிட்டாளா? ஏய், என்ன சொன்னே சித்தியை?

— அவளை ஒண்ணும் சொல்லாத. அவ சொன்னது முழுக்க நியாயம். தப்பு என்னுது. வாயைத் திறக்க மாட்டேன்னு எங்கக்கா கையில அடிச்சு சத்தியம் பண்ணினேன். அவ இருந்தவரைக்கும் காப்பாத்தினேன். அவ போன மூணு வருஷமும் காப்பாத்தினேன். இந்த வீட்டுல ஒருத்தி நிமிர்ந்து உக்காந்து 'தர மாட்டேன்'னு சொல்றதைக் கேட்டப்புறம் என்னால முடியல. எங்கக்கா மேல இருந்து திட்டினா திட்டிக்கட்டும்.

— எனக்கு ஒண்ணுமே புரியல. என்ன சித்தி சொல்றீங்க?

— இன்னொரு தடவை அப்படிக் கூப்பிடாதடா. உன்னைப் பெத்து, எட்டாம் நாள் எங்கக்கா மடியில வச்சவ நான்.